தொண்ணூறுக்கு ஒரு நிமிடம் குறைவு

1961ஆம் ஆண்டில் பம்பாயில் கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய என் வாப்பா, ஸம்ஸம் நீர்க் குப்பிகளுக்கும் பேரீச்சம்பழப் பொட்டலங்களுக்கும் அடியிலிருந்து பித்தளை மூடியிட்ட கிப்லா காட்டி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். நான் அதை அருகிலிருந்த ட்ரங்குப் பெட்டியின் மேல் வைத்து மூடியைத் திறந்தேன். ஊசி நடுங்கிற்று, அரைச் சுற்றுச் சுற்றிற்று, அடுக்களைக் கதவைக் காட்டி நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் தொழுகைப் பாய் விரிக்கும் திசைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நான் திகைத்து நின்றதைக் கண்ட வாப்பா, "இரும்புப் பொட்டி மேல வச்சா அது எப்படி உண்மை சொல்லும்? தரையில வச்சுப் பாரு" என்றார்கள். தரையில் வைத்தேன். ஊசி வடக்கு நோக்கித் திரும்பி அமைதி கொண்டது.

அன்று அந்த ஊசி தரைக்கு ஏறத்தாழ இணையாகக் கிடந்தது. அது ஊசியின் குணம் மட்டுமன்று, இராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊரின் குணமும் கூட என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஓர் எஃகு ஊசியை அதன் எடை நடுவில் மிகச் சரியாக அச்சிட்டு, மேலும் கீழும் சுழலும்படி நிறுத்திக் காந்தமேற்றினால், தென் தமிழ்நாட்டில் அது படுத்தே கிடக்கும். காந்த நடுக்கோடு நம் தீபகற்பத்தின் தென்முனையை ஒட்டிச் செல்வதே அதற்குக் காரணம். 1963இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அக்கோட்டின் அண்மையே காரணமாயிற்று. அதே ஊசியை எடுத்துக்கொண்டு வடக்கே செல்லச் செல்ல, அதன் வடமுனை சிறிது சிறிதாகத் தலை கவிழும். இதனைக் காந்தச் சரிவு என்பர். லண்டனில் அச்சரிவு எழுபது பாகையை ஒட்டியிருக்கும். அதற்கும் அப்பால், பனிக்கடலின் நடுவே எங்கோ ஓரிடத்தில், ஊசி தொண்ணூறு பாகை கவிழ்ந்து செங்குத்தாய் நிற்கும். அவ்விடமே காந்த வடமுனை. பூமி சுழலும் அச்சின் முனை வேறு, இது வேறு.

காந்த ஊசியைக் கொண்டு கிப்லாவை அறியும் முறையை எழுதி வைத்தவர்களுள் முற்பட்டவர், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் யமன் நாட்டை ஆண்ட ரசூலிய மரபின் சுல்தான் அல்-அஷ்ரஃப் உமர். பூமியே ஒரு பெருங்காந்தம் என்று ஆங்கிலேயரான வில்லியம் கில்பர்ட் 1600இல் நூல் எழுதினார். ஆயினும் அப்பெருங்காந்தத்தின் வலிமை எங்கே மிகும், எங்கே குறையும், ஊசி உண்மை வடக்கிலிருந்து எவ்வளவு விலகும் என்பவற்றை ஏட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இடத்திற்கு இடம் சென்று அளந்தாக வேண்டும். மாலுமிகளின் உயிர் அந்த எண்களில் தொங்கியது. ஆகவே துருவக் கடல்களுக்குச் சென்ற கப்பல்களில் எல்லாம் உணவு மூட்டைகளோடு காந்த அளவைக் கருவிகளும் ஏறின. கொடி நட்டவர்களின் கதைகளே பெரிதும் சொல்லப்படுவதால், அக்கருவிகளின் முன் குனிந்து நின்று எண்களை எழுதியவர்களின் கதை பின்னுக்குப் போய்விட்டது. எனக்கோ அந்த இரண்டாம் கதையில்தான் ஈடுபாடு. அதற்கு என் வாழ்வில் ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

1829இல் ஜான் ராஸ் என்னும் ஆங்கிலத் தளபதி 'விக்டரி' என்ற சிறு கப்பலில் வடகடலுக்குப் புறப்பட்டார். பயணத்திற்குப் பொருள் கொடுத்தவர் ஃபீலிக்ஸ் பூத் என்னும் சாராய ஆலை முதலாளி. கண்டெடுத்த நிலத்திற்கு நன்றிக் கடனாக அவர் பெயரே சூட்டப்பட்டதால், கனடாவின் வடகோடி இன்றும் பூத்தியா தீபகற்பம் என்றே அழைக்கப்படுகிறது. குடியை விலக்கிய சமூகத்தைச் சேர்ந்த நான் அப்பெயரை நிலப்படத்தில் காணும்தோறும் புன்னகைப்பதுண்டு. கப்பல் பனியில் சிக்கிக்கொண்டது. அதில் வந்தவர்கள் நான்கு குளிர்காலங்களை அங்கே கழித்தனர். தளபதியின் அண்ணன் மகனான ஜேம்ஸ் கிளார்க் ராஸ், காந்த அளவையில் தேர்ந்தவர். அவர் பனிச்சறுக்கு வண்டிகளோடு தீபகற்பத்தின் மேற்குக் கரைக்குச் சென்று, 1831 ஜூன் 1ஆம் நாள் காலை, பின்னர் கேப் அடிலெய்ட் என்று பெயர் பெற்ற தாழ்ந்த கரையில் கருவியை நிறுத்தினார். இன்யூட் மக்கள் கைவிட்டுச் சென்றிருந்த குடில்கள் அங்கே இருந்தன. அவையே ஆய்வுக்கூடம் ஆயின.

படுக்கை வாட்டத்தில் தொங்கவிட்ட ஊசிகள் எத்திசையையும் நாடாமல் வைத்தபடியே கிடந்தன. வடக்கு என்பது இனி எதிரே இல்லை, காலடியில் இருக்கிறது என்பதே அதன் பொருள். சரிவு வட்டத்தின் ஊசியோ 89 பாகை 59 நிமிடம் காட்டிற்று. ஒரு பாகைக்கு அறுபது நிமிடம். ஆகவே செங்குத்திற்கு ஒரே ஒரு நிமிடம்தான் குறைவு. அந்த ஒரு நிமிடத்தைக் கூட்டி, தொண்ணூறு என்று எழுதியிருந்தால் ஐயுற ஆள் இருந்திருக்கமாட்டார்கள். அங்கே மீண்டும் சென்று சரிபார்க்க எழுபதாண்டுகளுக்கு மேல் ஒருவரும் வரவில்லை. ஆனால் ராஸ் 89 பாகை 59 நிமிடம் என்றே எழுதினார். தம் கைவசமிருந்த கருவிகள் அறியத் தந்த அளவுக்கு முனையை நெருங்கியிருப்பதாகத்தான் சொல்லிக்கொண்டார். கற்குவியல் எழுப்பிக் கொடியும் நட்டார் என்பது உண்மையே. ஆயினும் அக்கொடியைவிட அந்த ஒரு நிமிடக் குறைவே என் மனத்தில் நிற்கிறது.

அந்த எண்ணை எடுப்பது எத்துணைத் தொல்லையானது என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சரிவு வட்டம் என்பது செங்குத்தாக நிறுத்திய, பாகை குறித்த பித்தளை வளையம். அதன் நடுவே, வழவழப்பாகத் தேய்த்த அகேட் கல் விளிம்புகள் இரண்டின்மேல் ஊசியின் மெல்லிய அச்சு தங்கியிருக்கும். ஊசி ஆடி அடங்கும்வரை காத்திருந்து, மேல்முனை எங்கே நிற்கிறது, கீழ்முனை எங்கே நிற்கிறது என இரண்டையும் வாசிக்க வேண்டும். பின் கருவியைக் கிழக்கு முகமாயிருந்தது மேற்கு முகமாகும்படி திருப்பி வாசிக்க வேண்டும். அதன்பின் ஊசியை எடுத்து முன்பின்னாக மாற்றிப் போட்டு வாசிக்க வேண்டும். அத்தோடும் முடியவில்லை. சட்டக் காந்தங்களால் தேய்த்து ஊசியின் வடமுனையைத் தென்முனையாக்கி, முன்செய்தவை அனைத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். வளையத்தின் கோணல், ஊசியின் எடைப் பிசகு, அச்சின் தேய்மானம் ஆகியவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளட்டும் என்பதற்கே இத்தனையும். எல்லாவற்றின் சராசரியாகக் கிடைப்பது ஒரே ஓர் எண்.

இதனைச் சுழியத்திற்குக் கீழே முப்பது நாற்பது பாகைக் குளிரில் செய்வதை எண்ணிப் பாருங்கள். கையுறையோடு சிறு திருகாணியைத் திருக இயலாது. கையுறையைக் கழற்றினால் உறைந்த பித்தளை விரல் தோலைப் பற்றிக்கொள்ளும். மூச்சுக்காற்று பட்டதும் பூதக்கண்ணாடியில் பனி படியும். ஆகவே வாசிக்கும் நேரமெல்லாம் மூச்சை அடக்க வேண்டும். கருவியை அணுகுமுன், பள்ளிவாசல் படியில் செருப்பைக் கழற்றுவதுபோல், உடம்பிலுள்ள இரும்பை எல்லாம் களைந்து வைக்க வேண்டும். கத்தி, சாவி, இடுப்பு வாரின் கொக்கி எதுவும் கூடாது. 1901இல் ஸ்காட்டின் தென்துருவப் பயணத்திற்காக டண்டீ நகரில் கட்டிய 'டிஸ்கவரி' கப்பலில், காந்த ஆய்வறையைச் சுற்றி முப்பதடிக்குள் இரும்போ எஃகோ இருத்தலாகாது என்று விதித்தார்கள். முப்பதடியைப் படித்தபோது வாப்பாவின் ட்ரங்குப் பெட்டி என் நினைவுக்கு வந்தது.

இனி என் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1970களில் நான் கரையோர ஊர் ஒன்றின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அங்கே வளாகத்தில் ஒரு மழைமானி உண்டு. நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அதன் குப்பியை எடுத்து, அளவுச் சாடியில் ஊற்றி, மில்லிமீட்டர் கணக்கில் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்புகளுள் ஒன்று. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயல் நம் கரைக்கும் வந்தது. வீட்டிலிருந்து அலுவலகம் அரை மைல்தான். வழியில் மரங்கள் விழுந்து கிடந்தன. உம்மா போகவேண்டாம் என்று அழுதார்கள். முதல் நாள் போகவில்லை. அது மன்னிக்கத்தக்கதே. இரண்டாம் நாள் காற்று தணிந்திருந்தும் போகவில்லை. மூன்றாம் நாள் சென்றபோது குப்பி நிரம்பி வெளிக்கலனிலும் நீர் நின்றது. அதை ஒரு சொட்டும் சிந்தாமல் அளந்தேன். அளந்தபின் பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் காலியாக இருப்பதைப் பார்த்தேன். மேலதிகாரி கேள்வி கேட்பாரே என்ற அச்சத்தில், மொத்தத்தை மூன்றாகப் பங்கிட்டேன். ஒரே அளவாக இருந்தால் ஐயம் வரும் என்று, புயல் வலுத்த நாளுக்கு அதிகமும் மற்ற நாள்களுக்குக் குறைவுமாக, தசமப் புள்ளியோடு எழுதினேன். மொத்தம் மெய், பங்கீடு பொய். யாரும் கேட்கவில்லை. நானும் பல ஆண்டுகள் அதை மறந்திருந்தேன். நூலகத்தில் தற்செயலாக எடுத்த துருவப் பயண நூல் ஒன்றில், பனிப்புயலில் ஊர்ந்து சென்று கருவியைப் பார்த்துவந்தவர்களைப் பற்றிப் படிக்கும்வரை மறந்திருந்தேன்.

ஒரு மனிதர் ஓரிடத்தில் ஒருமுறை எடுத்த அளவு, தனித்து நின்றால் சிறு பயனே தரும். காந்தம் நாளுக்கு நாள், ஏன், மணிக்கு மணி மாறுகிறது. பல இடங்களில் ஒரே கணத்தில் அளந்தால்தான் எது அவ்விடத்தின் குணம், எது உலகம் முழுவதையும் உலுக்கிய கொந்தளிப்பு என்று பிரித்தறியலாம். ஜெர்மானியக் கணித மேதை காவுஸ் இதற்கென ஒரு முறையை வகுத்தார். குறித்த நாள்களில், எல்லா நாட்டாரும் தத்தம் ஊர் நேரத்தை விடுத்து கோட்டிங்கன் நகர நேரத்தைக் கொண்டு, இருபத்துநான்கு மணி நேரமும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஊசியை வாசிக்க வேண்டும். தொழுகைக்கு உலகெங்கும் ஒரே திசை என்பதை அறிந்த நமக்கு, அளவைக்கு உலகெங்கும் ஒரே கணம் என்பது விளங்காத செய்தியன்று.

இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியாகவே 1839இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் 'எரிபஸ்', 'டெரர்' என்னும் இரு கப்பல்களோடு தென்துருவத்திற்கு அனுப்பப்பட்டார். அதே காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, பம்பாய், சிம்லா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் காந்த அளவை ஆய்வுக்கூடங்களை நடத்தியது. பம்பாயின் கொலாபாவில் உதவியாளராக இருந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் கணிதப் பேராசிரியராகப் புகழ்பெற்ற கேரு லட்சுமண் சத்ரே. அப்போது அவர் பதின்வயது இளைஞர். ராஸின் கப்பல்கள் 1840இல் கெர்கலன் என்னும் ஆளற்ற தீவில் தங்கின. அங்கே அவர்கள் இருந்த அறுபத்தெட்டு நாள்களில் மழையோ பனியோ பெய்யாத நாள்கள் மூன்றே. அந்த ஈரத்தில் கரையில் குடில் அமைத்து ஊசிகளை வாசித்தனர். மே மாத இறுதியில் வந்த குறித்த நாளில் ஊசிகள் வெறிகொண்டாற்போல் ஆடின. பின்னர் ஏடுகளை ஒப்பிட்டபோது, ஏறத்தாழ உலகின் மறுபுறத்தில் இருக்கும் டொராண்டோவிலும் அந்நேரத்தில் ஊசிகள் கொந்தளித்தது தெரிய வந்தது. இத்தகைய ஏடுகளைக் கொண்டுதான் எட்வர்ட் ஸபைன் 1852இல், காந்தக் கொந்தளிப்புகள் கதிரவனின் கரும்புள்ளிகளோடு சேர்ந்து கூடிக் குறைகின்றன என்று காட்டினார். கெர்கலனில் நனைந்தபடி எழுதியவன் கதிரவனைப் பற்றி எழுதுவதாக எண்ணியிருக்கமாட்டான்.

இந்தப் பயணத்தில் ராஸ் தென் காந்த முனையை அடையவில்லை. அது நிலத்தின் உட்புறம் இருப்பதைக் கணக்கிட்டு அறிந்தார்; குறுக்கே மலையும் பனியும் நின்றன. வடமுனையில் கொடி நட்டவருக்குத் தென்முனையிலும் நட ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? திரும்பிவிட்டார்.

அவருடைய கப்பல்கள் இரண்டும் 1845இல் ஜான் ஃபிராங்ளினின் தலைமையில் வடகடலுக்கு அனுப்பப்பட்டன. 129 பேர் சென்றனர், ஒருவரும் திரும்பவில்லை. 'டெரர்' கப்பலின் தலைவர் குரோசியர், ராஸோடு தென்துருவம் சென்றவர். காந்த அளவையில் தேர்ந்து அரசுக் கழகத்தின் உறுப்பினரானவர். அவர்கள் எடுத்த அளவைகளின் ஏடுகள் கிடைக்கவே இல்லை. 1848 ஏப்ரலில், பனியில் இறுகிய கப்பல்களைக் கைவிட்டு எஞ்சிய 105 பேரும் கிங் வில்லியம் தீவில் இறங்கித் தெற்கே நடந்தனர். 1859இல் மக்ளின்டாக்கின் தேடல் குழுவினர் அக்கரைக்கு வந்தபோது, அவர்கள் சுமக்க இயலாமல் போட்டுச் சென்ற பொருள்கள் குவிந்து கிடந்தன. துணி மூட்டைகள், அடுப்புகள் முதலியவற்றின் நடுவே ஒரு சரிவு வட்டம் இருந்தது. ஊசிகளும் சட்டக் காந்தங்களும் ஒன்றும் குறையாமல், மொத்தம் ஒன்பது பவுண்டு எடை. ஜேம்ஸ் ராஸ் வடமுனையைக் கண்ட கரைக்கும் அவ்விடத்திற்கும் நடுவே இருப்பது ஒரு நீரிணைதான்.

சாகும் தறுவாயிலும் கப்பலிலிருந்து அக்கருவியைக் கரைக்கு இறக்கியிருக்கிறார்கள். எந்த நிமிடத்தில், யார் அதை வைத்துவிட்டு நடந்தாரோ தெரியாது. ஒன்பது பவுண்டு என்பது நம் வீட்டில் அரிசி வாங்கும் பை ஒன்றின் எடை. இக்கப்பல்கள் 2014இலும் 2016இலும் கடலடியில் கண்டெடுக்கப்பட்டன என்ற செய்தி வந்தபோது, பொன்னும் பீங்கானும் கிடைத்ததா என்று பிறர் கேட்டார்கள். காந்த ஏடு கிடைத்ததா என்றுதான் நான் தேடிப் படித்தேன்.

ஏடு பிழைத்து ஆள் மாண்ட கதையும் உண்டு. 1882-83 முதல் அனைத்துலகத் துருவ ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. துருவத்தைச் சுற்றிலும் பல நாட்டு நிலையங்கள் அமைந்தன. மணிக்கொரு முறை காந்த அளவு. ஒவ்வொரு மாதமும் 1, 15 ஆகிய நாள்களில் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை. அந்நாள்களிலும் குறித்த ஒரு மணி நேரத்தில் இருபது விநாடிக்கு ஒருமுறை. அமெரிக்கரான கிரீலி இருபத்துநான்கு பேரோடு எல்ஸ்மியர் தீவின் வடக்கே இப்பணியைச் செய்தார். 1882இலும் 1883இலும் வரவேண்டிய கப்பல்கள் வரவில்லை. 1883 ஆகஸ்டில் படகுகளில் தெற்கே புறப்பட்டவர்கள், பனிக்கட்டிகளிடையே அலைந்து கேப் சபைன் என்னுமிடத்தில் பட்டினிக் குளிர்காலத்தைக் கழித்தனர். அளவைகளின் படிகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து உடன் கொண்டுவந்தார்கள். புவியீர்ப்பை அளக்கும் கனத்த ஊசல் ஒன்றையும் இழுத்து வந்தார்கள். படகும் பனியும் அலைக்கழித்தபோது, ஊசலை எறிந்துவிடலாமா என்று கிரீலி கேட்டார். எறியச் சம்மதித்தவர் ஒருவருமில்லை. வானியல், காந்த அளவைகளுக்குப் பொறுப்பாயிருந்த எட்வர்ட் இஸ்ரேல் என்னும் யூத இளைஞர் 1884 மே மாத இறுதியில் இறந்தார். ஜூன் 22இல் மீட்பாளர் வந்தபோது உயிரோடிருந்தவர் எழுவர். அவருள்ளும் ஒருவர் விரைவில் மாண்டார். பெட்டிகள் பத்திரமாக இருந்தன.

அமானிதம் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் பணத்திற்கும் நகைக்குமே வழங்குகிறோம். பிறர் நம்பி ஒப்படைத்த பொருள் என்பதே அதன் பொருளானால், கேப் சபைனில் இருந்த தகரப் பெட்டிகளை அதிலிருந்து எப்படி விலக்குவது?

அதே கிங் வில்லியம் தீவுக்கு 1903இல் 'யோவா' என்னும் சிறு கப்பலில் ஏழு பேர் வந்தனர். தலைவர் அமுண்ட்சன். வடமேற்குக் கடல்வழியைக் கடந்தவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அவர் காந்த அளவையை ஹாம்பர்க் சென்று முறையாகக் கற்றவர் என்பதைப் பலர் அறியார். வழி திறந்திருந்தும் அவர் ஏறத்தாழ இரண்டாண்டுகள் அத்தீவில் நின்றார், காந்தத்திற்காகவே நின்றார். இரும்பு சேராதபடி செப்பு ஆணி அறைந்த பெட்டிப் பலகைகளால் ஓர் ஆய்வுக்குடில் எழுந்தது. இருட்டறையில் விளக்கொளி சிறு கண்ணாடிகளில் பட்டு, ஒளியுணர் தாளில் ஊசியின் அசைவை இரவும் பகலும் வரைந்தது. நாள்தோறும் தாளை மாற்றி விளக்கைப் பேணியவர் குஸ்தாவ் வீக் என்னும் இளைஞர். பத்தொன்பது மாதங்கள் இது நடந்தது. ராஸ் நின்ற இடத்திலிருந்து முனை சுமார் 50 கிலோமீட்டர் பெயர்ந்துவிட்டது என்பது தெளிந்தது. காந்த முனை நிலையாக நிற்பதன்று, அலைவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நம் காலத்தில் அது இன்னும் வேகமாக ஓடுகிறது. கனடாவைக் கடந்து வடகடலில் சைபீரியாவை நோக்கி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேலாக நகர்ந்தது. அண்மையில் சற்று வேகம் தணிந்திருக்கிறது.

வீக் ஊர் திரும்பவில்லை. கடல்வழி முடியும் தறுவாயில், 1906 மார்ச் மாதத்தில், கிங் பாயிண்ட் என்னுமிடத்தில் நோயுற்று இறந்தார். முப்பது வயதும் நிரம்பவில்லை. அவர் அங்கே அளவைகள் எடுத்த காந்தக் குடிலே அவருக்குக் கல்லறையாயிற்று. அவர் சேர்த்த தாள்களின் கணக்கு பல ஆண்டுகளுக்குப் பிறகே முழுமையாக அச்சேறியது.

தென்துருவத்திலும் இருவகை மனிதரைக் காண்கிறேன். 1909 ஜனவரி 16ஆம் நாள் எட்ஜ்வர்த் டேவிட், மாசன், மக்கே ஆகிய மூவர் தென் காந்த முனை என்று தாம் கணித்த இடத்தில் கொடியேற்றினர். நாய்களின்றி ஆயிரத்து இருநூறு மைலுக்கு மேல் தாமே வண்டியிழுத்த பயணம் அது; டேவிட்டுக்கு வயது ஐம்பது. அவர்களின் வீரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் கடைசி மைல்களில், சுமையைக் குறைக்கவும் திரும்பும் வழிக்கு அடையாளமாகவும், சரிவு வட்டத்தின் கால்களைப் பனியில் நட்டுவிட்டே சென்றார்கள். முன்பே எடுத்த அளவைக் கொண்டு முனை எங்கே இருக்கும் என்று கணித்து, அங்கே நடந்து கொடியை உயர்த்தினார்கள். கொடி நின்ற இடத்தில் ஊசி நிறுத்தப்படவில்லை. அவர்கள் நின்ற இடம் முனைதானா என்று பிற்காலக் கணக்குகள் ஐயுறுகின்றன.

மூன்றாண்டுகளுக்குப் பின் மாசன் தாமே ஒரு குழுவை நடத்தினார். கேப் டெனிசன் என்னும் அவர்களின் தளம் உலகிலேயே காற்று மிகுந்த இடங்களுள் ஒன்று. 1912 மே மாதத்தில் ஒரு நாள் முழுவதின் சராசரிக் காற்றே மணிக்குத் தொண்ணூறு மைல். அக்காற்றில் எரிக் வெப் என்னும் நியூசிலாந்து இளைஞர், சில நூறு கஜம் தள்ளியிருந்த காந்தக் குடிலுக்கு நாள்தோறும் சென்று தாளை மாற்றிவந்தார். நிற்க முடியாத நாள்களில் அங்கே எவரும் தவழ்ந்தே சென்றனர். நான் நூலகத்தில் படித்தது இவரைப் பற்றித்தான். அரை மைல் தூரம், தணிந்த காற்று, என் இரண்டாம் நாள் எல்லாம் அப்போது நினைவுக்கு வந்தன.

1912 நவம்பரில் பேஜ், வெப், ஹர்லி மூவரும் காந்த முனையை நோக்கி வண்டியிழுத்துப் புறப்பட்டனர். வழிநெடுக வெப் பனியில் குழி தோண்டி, காற்று படாமல் அமர்ந்து அளவெடுத்தார். டிசம்பர் 21இல், தளத்திலிருந்து 301 மைல் தொலைவில், ஊசி 89 பாகை 43 நிமிடம் காட்டிற்று. பதினேழு நிமிடம் குறைவு. முனை இன்னும் ஐம்பது மைல் அளவில் இருக்கலாம், உணவோ போதாது. எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் உணவு புதைத்து வைத்த இடம் ஒன்றைக் காணத் தவறி, பட்டினியோடு போராடி வந்து சேர்ந்தனர். தலைவர் பேஜ் 1915 மே மாதத்தில் கலிப்போலியில், துருக்கியரோடு நடந்த போரில் கொல்லப்பட்டார். அப்போரை நாம் மறுகரையிலிருந்தே படித்து வளர்ந்தோம். ஆயினும் அப்பெயரைக் கண்டபோது மனம் கனத்தது. வெப் 1984வரை வாழ்ந்தார். அவர் எழுதிய 89 பாகை 43 நிமிடம், அவ்விடத்தில் அந்நாளில் ஊசி உண்மையில் நின்ற நிலை. அதை வைத்து இன்றும் கணக்குப் போடலாம்.

பழைய காந்த அட்டவணைகளின் அச்சுப் பக்கங்களைப் பிற்காலத்தில் பார்த்தேன். வரிசை வரிசையாக எண்கள். ஆங்காங்கே எண்ணுக்குப் பதில் ஒரு சிறு கோடு. அந்த மணிக்கு அளவு எடுக்கப்படவில்லை என்று பொருள். நோயோ புயலோ உறக்கமோ, காரணம் எதுவாயினும் கோடு கோடாகவே விடப்பட்டிருக்கிறது. எனக்கு அந்தக் கோடு போடும் துணிவு 1978இல் இல்லாமற்போயிற்று. இப்போது பழைய மழைக் கணக்குகளையெல்லாம் கணிப்பொறியில் ஏற்றி, புயலின் போக்கை நாள்வாரியாக ஆராய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். என் தசமப் புள்ளிகளும் அதில் ஏறியிருக்கும்.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள், பதிவேடு போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய அலுவலகத்திற்குக் கடிதம் எழுதினேன். ஊரின் பெயரையும் மூன்று தேதிகளையும் குறிப்பிட்டு, மொத்தம் மட்டுமே அளக்கப்பட்டது, நாள்வாரி எண்கள் அளக்கப்பட்டவையல்ல, முதலிரண்டு கட்டங்களையும் வெறுமையாகக் கொள்க என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பதில் வரவில்லை. நகலை வைத்திருக்கிறேன்.